ஒரு யார்டு முன்னே நின்ற ஓட்டம்

அமெரிக்கக் கால்பந்தில் நிலைமத்தை, அதாவது ஒரு பொருள் தன் இயக்க நிலையிலேயே தொடர முனையும் இயல்பை, விளக்க ஒரே ஒரு ஆட்டத்தைக் காட்டச் சொன்னால், 2000 ஜனவரி 30 அன்று அட்லாண்டாவில் நடந்த சூப்பர் பௌல் எனும் இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தையே நான் காட்டுவேன். டென்னசி டைட்டன்ஸ் அணி 16-23 என்று பின்தங்கியிருந்தது. ஆறு விநாடிகளே மீதமிருந்தன. பந்து கடந்தால் புள்ளி கிடைக்கும் கோல் கோட்டுக்கு இன்னும் 10 யார்டு (சுமார் 9 மீட்டர்) இருந்தது. ஸ்டீவ் மெக்நேர் எறிந்த பந்தை, குறுக்காக ஓடிவந்த கெவின் டைசன் வேகம் குறையாமல் பிடித்துக் கோட்டை நோக்கித் திரும்பினார். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் லைன்பேக்கர் (தடுப்பாட்ட வீரர்) மைக் ஜோன்ஸ், வேறொரு வீரரைத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தவர், சட்டென்று திரும்பி டைசனின் கால்களைக் கட்டிப்பிடித்தார். டைசன் விழுந்தபடியே பந்தை நீட்டினார். அது கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு யார்டு முன்னே நின்றுவிட்டது.

டைசனை நிறுத்துவதற்கு முன், ஜோன்ஸ் தம் சொந்த நிலைமத்தை வெல்ல வேண்டியிருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமல்ல, திசையை மாற்றவும் வெளியிலிருந்து ஒரு விசை தேவை. ஓடும் மனிதனுக்கு அந்த விசையைத் தரக்கூடியது காலணியின் அடிக்குமிழ்களைப் பிடித்துக்கொள்ளும் தரை ஒன்றுதான். ஜோன்ஸ் டைசனின் கால்களைக் குறிவைத்ததும் இதே காரணத்தால்தான் பலித்தது. கால்கள் கட்டுண்டதும் டைசனால் தரையை மறுபடி உதைக்க முடியவில்லை. மேலுடல் மட்டும் பழைய திசைவேகத்தோடு முன்னேறியதால், நிறை மையம் பாதங்களைத் தாண்டிப்போய் உடல் கவிழ்ந்தது.

ஏன் ஒரு யார்டு மிச்சமானது என்பதைப் புரிந்துகொள்ள, தோராயமான ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடினால், அவருடைய உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு) 800 கிலோகிராம் மீட்டர்/விநாடி. அவரை 0.2 விநாடியில் நிறுத்தச் சராசரியாக 4,000 நியூட்டன் விசை தேவை, அதாவது அவருடைய எடையைப் போல நான்கு மடங்கு. அதற்குள் அவர் 80 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். நேரத்தை 0.4 விநாடியாக நீட்டினால் விசை பாதியாகிவிடும், ஆனால் நகரும் தூரம் 1.6 மீட்டராகும், அது ஒன்றே முக்கால் யார்டு. தடுப்பவருக்கு அந்தக் கூடுதல் தூரம் ஆட்டத்தையே இழக்கச் செய்யக்கூடியது. ஆகவே இந்த விளையாட்டு, மோதலைக் குறுகிய நேரத்தில் முடிக்கவே வீரர்களைப் பழக்குகிறது.

என் கவலையும் இங்கேதான் தொடங்குகிறது. திரவத்தில் மிதக்கும் மூளைக்கும் நிலைமம் உண்டு. மண்டையோடு நின்ற பிறகும் மூளை நகர்ந்துகொண்டிருக்கிறது. தலை சுழன்றால் அதன் உள்ளிழைகள் இழுபடுகின்றன. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002-இல் இறந்தபோது, அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, பல்லாண்டுக் கால மோதல்களோடு தொடர்புடைய சிதைவை அதில் கண்டார். அந்த ஆய்வு 2005-இல் வெளியானது. தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காப்பதில் மிகச் சிறந்தது, ஆனால் உள்ளே நகரும் மூளையை அதனால் பிடித்து நிறுத்த முடியாது.

2024 முதல் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். போட்டிகளிலும் அனுமதிக்கப்பட்ட, தலைக்கவசத்தின் மேல் அணியும் மெத்தை உறை செய்வது, மோதல் நேரத்தைச் சற்றே நீட்டுவதுதான். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனாலும் தலை நின்றுபோக அந்த உறையும் உட்பஞ்சும் தரக்கூடிய தூரம் சில சென்டிமீட்டர் மட்டுமே, அதற்கு மேல் தடிமனாக்கினால் தலையின் நிறையும் கழுத்தின் சுமையும் கூடிவிடும். அதனால்தான், தலையைத் தாழ்த்திக் கவசத்தால் மோதுவதைக் குற்றமாக்கிய 2018-ஆம் ஆண்டு விதியை, எந்த உறையையும்விட முக்கியமானதாக நான் கருதுகிறேன்: அது மோதலின் விசையைத் தலையிலிருந்து தோளுக்கு மாற்றச் சொல்கிறது.