அடிக்கிறது ஈஸி, உள்ள வர்றதுதான் வித்தை

போக்கிமான் வீடியோ கேம்ல சொந்தமா டீம் போட ஆரம்பிக்கிற எல்லாரும் முதல்ல பண்ற வேலை, ஸ்பீடும் அட்டாக்கும் எவனுக்கு பெருசா இருக்கோ அவன தூக்கி டீம்ல போடறது. டிஃபென்ஸ் ஒண்ணுமே இல்லையேடான்னு கேட்டா "நான்தான் முதல்ல அடிக்கப் போறேனே, அப்புறம் எதுக்கு டிஃபென்ஸ்"னு பதில் ரெடியா இருக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த பதில் செல்லணும்னா உங்க ஆளு ஏற்கனவே களத்துல முழு ஹெச்பியோட, அதாவது முழு உயிரோட, நிக்கணும், எதிர்ல இருக்கறவன் இவன விட ஸ்லோவா இருக்கணும். அந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்றதுன்னு யாரும் யோசிக்கறது இல்ல. ஸ்விட்ச் பண்ணா, அதாவது ஆள மாத்தினா, அந்த டர்ன் (ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு தடவை ஆடற சுத்து) போச்சு, அந்த டர்ன்ல எதிராளி அடிக்கிற அடி புதுசா வந்தவன் தலைலதான் விழும், வெறும் 45 டிஃபென்ஸ் வெச்சிருக்கற அலகஸாம்ங்கற போக்கிமான் அத வாங்கிட்டு நிக்குமா என்ன.

அதனால என்னைக் கேட்டா இந்த மாதிரி பலமா அடிச்சாலும் ஒரு அடில உடையற கண்ணாடி ஆளுங்கள வெச்சு ஆடறதுல முக்கால்வாசி வேலை அவன் உள்ள இல்லாதப்பதான் நடக்குது. எந்த மூவ் அழுத்தறதுங்கறது கடைசி கால்வாசி, அது பெரும்பாலும் தானா தெரிஞ்சிடும்.

இதுக்கு கெங்கார்ங்கற போக்கிமான விட நல்ல சாட்சி கிடையாது. ஆறாவது ஜெனரேஷன் (கேமோட ஆறாவது தலைமுறை) வரைக்கும் அதுக்கு லெவிடேட்ங்கற மிதக்கிற திறமை இருந்துச்சு, கோஸ்ட் டைப்ங்கறதால நார்மல், ஃபைட்டிங் டைப் அடி ரெண்டும் படாது, லெவிடேட்னால கிரவுண்டும் படாது. அதாவது எதிராளி எர்த்குவேக்கோ (கிரவுண்ட் அடி) க்ளோஸ் காம்பேட்டோ (ஃபைட்டிங் அடி) அழுத்தப் போறான்னு மோப்பம் பிடிச்சா போதும், ஒரு கீறல் இல்லாம உள்ள வந்து நின்னுடும். 2016ல சன் மூன் வந்தப்ப லெவிடேட்ட பிடுங்கிட்டு கர்ஸ்ட் பாடிங்கற வேற திறமைய குடுத்தாங்க. ஸ்பீடு அதே 110, ஸ்பெஷல் அட்டாக் அதே 130, ஒரு பாயிண்ட் கூட குறையல. ஆனா உள்ள வர்றதுக்கு இருந்த மூணு கதவுல ஒண்ணு, அதுவும் எல்லாரும் அடிக்கிற எர்த்குவேக் கதவு, மூடிடுச்சு. எர்த்குவேக் அதுக்கு இப்ப ரெண்டு மடங்கு வேற. அதுக்கப்புறம் கெங்கார வெச்சு ஆடினவங்களுக்கு தெரியும் எவ்ளோ திணறல்னு.

சரி, உள்ள வர்றதுக்கு வழி என்ன. ரொம்ப சிம்பிளான வழி நம்ம ஆளு ஒருத்தன் விழுந்ததும் அடுத்து இறக்கறது. அப்ப அடி விழாது, ஃப்ரீயா வரலாம், விழவெச்சவன பழிவாங்கிட்டு போலாம். ஆனா இதுலயே வண்டி ஓட்டினீங்கன்னா ஒவ்வொரு தடவையும் ஒரு உயிர குடுத்துத்தான் ஒரு வாய்ப்பு வாங்கறீங்க, ஆறு பேர் டீம்ல எத்தனை தடவை அத பண்ண முடியும் சொல்லுங்க. இன்னொண்ணு டபுள் ஸ்விட்ச், அதாவது எதிராளி ஆள மாத்தப் போறான்னு ஊகிச்சு நாமளும் அதே டர்ன்ல மாத்தறது. ஊகம் சரியா இருந்தா கெத்து, தப்பா போனா உங்க கண்ணாடி ஆளு நேரா அடிக்கு முன்னாடி வந்து நிப்பான். நான் இத பயந்து பயந்துதான் பண்ணுவேன், அதுவும் தோத்தா ஆட்டமே போகாதுங்கற நேரத்துல மட்டும்.

எனக்கு பிடிச்சது ஸ்லோ பிவட், அதாவது அடி தாங்கற மெதுவான தடியன் ஒருத்தன் அடிய வாங்கிட்டு வெளில போய் கண்ணாடி ஆள உள்ள விடறது. எட்டாவது ஜெனரேஷன் ஓயூல (ஸ்மோகன்ங்கற ரசிகர் தளம் வகுத்த ஆட்டப் பிரிவு) ஸ்லோப்ரோ-வீவைல் ஜோடிய எடுத்துக்கோங்க. எதிர்ல லேண்டரஸ் (தெரியன் வடிவம்), நம்ம பக்கம் ஸ்லோப்ரோ. நான் வெளில போய் வேற ஆள இறக்கற டெலிபோர்ட் அழுத்தறேன், அதோட ப்ரியாரிட்டி (எந்த மூவ் முதல்ல நடக்கும்ங்கற வரிசை) மைனஸ் 6, அதனால லேண்டரஸ்தான் முதல்ல அடிக்கும், எர்த்குவேக்க ஸ்லோப்ரோ வாங்கிக்கும், அதுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்ல, வெளில போகும்போது ரெஜெனரேட்டர் திறமைல மூணுல ஒரு பங்கு ஹெச்பி திரும்ப ஏறிடும். அடி எல்லாம் முடிஞ்ச பிறகு வீவைல் ஒய்யாரமா உள்ள வருது, முழு ஹெச்பியோட. இன்னொரு லாபம், லேண்டரஸ் ஏற்கனவே களத்துல இருக்கறதால உள்ள வரும்போது எதிர்ல நிக்கறவனோட அட்டாக்க குறைக்கிற அதோட இன்டிமிடேட் வீவைல் மேல விழாது, அட்டாக் குறையாது.

இப்ப எதிராளி நிலைமைய பாருங்க. லேண்டரஸ் கிரவுண்ட்-ஃப்ளையிங், ஐஸ் அதுக்கு நாலு மடங்கு. வீவைல் ஸ்பீடு 125, லேண்டரஸ் 91. நின்னா செத்தான், ஆக அவன் மாத்தியே ஆகணும். இங்கதான் நிறைய பேர் ஐஸ் மூவான ட்ரிப்பிள் ஆக்ஸல அழுத்திடறாங்க, ஏன்னா எதிர்ல நாலு மடங்கு அடி கண்ண பறிக்குது. ஆனா லேண்டரஸ் அங்க இருக்கப் போறதில்லையே. வரப் போறது கிளெஃபேபிள், டாக்ஸாபெக்ஸ், கார்விநைட் மாதிரி ஒரு தடியன். அந்த நேரத்துல நாக் ஆஃப் அழுத்தினா எவன் வந்தாலும் கைல இருக்கற ஐட்டம் போயிடும். டாக்ஸாபெக்ஸோட ஐட்டம் போச்சு, கார்விநைட்டோட லெஃப்ட்ஓவர்ஸ் (ஒவ்வொரு டர்ன் முடிவுலயும் கொஞ்சம் ஹெச்பி ஏத்தற ஐட்டம்) போச்சு. அந்த அடில யாரும் சாகல, ஸ்கோர் மாறல, ஆனா இன்னும் பத்து டர்ன் கழிச்சு அவன் டீம் அந்த ஐட்டம் இல்லாததாலதான் உடையும். ஆறாவது ஜெனரேஷன்ல நாக் ஆஃப் பவர 20ல இருந்து 65க்கு ஏத்தி, ஐட்டம் இருந்தா ஒன்றரை மடங்குன்னு வெச்சப்பவே வீவைலுக்கு பாதி வாழ்க்கை கிடைச்சிடுச்சு.

ட்ரிப்பிள் ஆக்ஸல் நல்ல மூவ்தான், 20, 40, 60ன்னு மூணு அடி, மொத்தம் 120. ஆனா ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியா 90 சதவீதம் பாக்கும், மூணும் விழறதுக்கு 73 சதவீதம்தான். அதுவும் எதிராளி ராக்கி ஹெல்மெட் வெச்சிருந்தா ஒவ்வொரு தொடுதலுக்கும் நம்ம ஹெச்பில ஆறுல ஒரு பங்கு, மூணு அடின்னா பாதி உடம்பு போச்சு. அடிச்சவன் பாதி செத்து நிக்கறது பாக்க செம காமெடியா இருக்கும், நம்ம வீவைலா இல்லாத வரைக்கும்.

ஒண்ணு கவனிக்கணும், அந்த லேண்டரஸ் ஸ்கார்ஃப் போட்டவனா இருந்தா இந்த கணக்கே தலைகீழ். ஸ்கார்ஃப்ங்கற ஐட்டம் ஸ்பீட ஒன்றரை மடங்காக்கும், ஆனா ஒரே மூவத்தான் திரும்பத் திரும்ப அடிக்க விடும், லெவல் 100ல (மேல சொன்ன 125, 91 எல்லாம் அடிப்படை எண், லெவலோட பெருசாகும்) ஸ்பீட ஏத்தாத அடமண்ட் நேச்சர் (சுபாவம்) லேண்டரஸே 421க்கு போயிடுவான், ஸ்பீட ஏத்தற ஜாலி நேச்சர் வீவைல் முழுசா ஏத்தினாலும் 383தான். ஸ்லோப்ரோ எப்படியும் எல்லாருக்கும் பின்னாடிதான் அடிக்கும், அத வெச்சு அவன் ஸ்பீட கண்டுபிடிக்க முடியாது. டர்ன் முடிவுல லெஃப்ட்ஓவர்ஸ் ஏறுதான்னு பாருங்க, ஏறினா ஸ்கார்ஃப் இல்ல, நிம்மதி. ரெண்டு டர்ன் அடுத்தடுத்து வேற வேற மூவ் அடிச்சாலும் இல்ல. இந்த சின்ன சின்ன தகவலுக்காகவே ஆரம்ப டர்ன்கள்ல நான் வீவைல உள்ளயே கொண்டு வரமாட்டேன், தடியனுங்க முட்டிக்கட்டும், யார் கைல என்ன இருக்குன்னு முதல்ல தெரியட்டும்.

ஸ்பீடுன்னு வந்தாச்சு, நேச்சர் விஷயம் ஒண்ணு சொல்லிடறேன். அலகஸாமுக்கு ஸ்பீடு 120 இருக்கே, ஸ்பீட ஏத்தற டிமிட் நேச்சர் எதுக்கு, மாடஸ்ட் போட்டு இன்னும் பலமா அடிக்கலாமேன்னு ஒரு கோஷ்டி எப்பவும் இருக்கும். லெவல் 50ல கணக்கு போடுங்க. முழு ஈவி (பயிற்சிப் புள்ளி) ஏத்தின மாடஸ்ட் அலகஸாம் 172, டிமிட்னா 189. டிமிட் கெங்கார் 178. அதாவது பத்து சதவீதம் அடிக்கு ஆசைப்பட்டு கெங்கார் கிட்ட செத்துப் போறீங்க. தடியனுக்கு ஒரு பாயிண்ட் ஸ்பீடு குறைஞ்சா ஒரு அடி கூடுதலா வாங்குவான், அவ்ளோதான். இவனுக்கு ஒரு பாயிண்ட் குறைஞ்சா ஆட்டத்துலயே இல்ல. ஒரே ஸ்பீடு வந்தா இன்னும் மோசம், காசு சுண்டற மாதிரி பாதிக்குப் பாதி, ஒன்பதாவது ஜெனரேஷன்ல சியென்-பாவும் ஃப்ளட்டர் மேனும் ரெண்டுமே 135, முழுசா ஏத்தினா ரெண்டுமே 205, யார் முதல்ல அடிக்கறாங்களோ அவங்க பொழச்சாங்க. நான் ஸ்பீடு டை நம்பி எந்த ஆட்டத்தையும் ஆடமாட்டேன், வேற வழியே இல்லாம போனாத்தான்.

முதல் ஜெனரேஷன்ல ஒரு விசித்திரம் இருந்துச்சு தெரியுமா, கிரிட்டிக்கல் (வழக்கத்த விட பலமான அடி) விழற வாய்ப்பே பேஸ் ஸ்பீட வெச்சுதான், ஸ்பீட 512ஆல வகுக்கணும். அலகஸாமுக்கு கிட்டத்தட்ட நாலு அடிக்கு ஒரு கிரிட். வேகமா இருந்தா முதல்லயும் அடிப்பான் பலமாவும் அடிப்பான், அப்ப இருந்த டெவலப்பர்களுக்கு வேகத்து மேல அப்படி என்ன பாசமோ.

இந்த ஆளுங்களுக்கு நிஜமான எமன் ப்ரியாரிட்டி மூவ், அதாவது ஸ்பீட பாக்காம முதல்லயே விழற மூவ். உங்க ஸ்பீடு 125 ஆனாலும் 151 ஆனாலும் ஃபைட்டிங் மூவான மாக் பஞ்ச் முதல்ல வரும். வீவைலுக்கு ஃபைட்டிங் நாலு மடங்கு, சும்மா விரலால தட்டினாலே விழுந்துடும். சிசரோட புல்லட் பஞ்ச் டெக்னீஷியன் திறமைல பவர் 40ல இருந்து 60 ஆகி, அதுக்கு மேல சொந்த டைப் போனஸும் சேர்ந்து வந்து அடிக்கும். ட்ராகனைட்டோட எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு ப்ளஸ் 2, அதனால சாதாரண ப்ரியாரிட்டியவே முந்திடும். அதனால ஆட்டத்துக்கு முன்னாடி டீம் ப்ரிவ்யூல எதிராளியோட ஆறு பேரையும் பாக்கும்போது நான் முதல்ல தேடறது யார் பலசாலின்னு இல்ல, ப்ரியாரிட்டி எவன் கிட்ட இருக்கும், ஸ்கார்ஃப் எவன் போட்டிருப்பான், இந்த ரெண்டு பேர்தான். அவங்க ரெண்டு பேரையும் காலி பண்றது மத்த அஞ்சு பேரோட வேலை. சக்கர் பஞ்ச் மட்டும் கொஞ்சம் வேற, நாம அடிக்கிற மூவ் அழுத்தினாத்தான் அது வேலை செய்யும், அந்த டர்ன்ல அடிக்காத மூவான ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டா அவன் காத்துல குத்திட்டு போவான். அந்த சந்தோஷமே தனி.

ஃபோகஸ் சாஷ் ஐட்டம் போட்டா ஒரு அடி தாங்குமேன்னு கேப்பீங்க. தாங்கும், ஹெச்பி முழுசா இருந்தா. நாலாவது ஜெனரேஷன்ல சாஷ குடுத்த கையோட உள்ள வர்றவங்கள குத்தற ஸ்டெல்த் ராக்கையும் குடுத்தாங்க பாருங்க, அங்கதான் இருக்கு சங்கதி. களத்துல கல்லு இருந்தா உள்ள வந்த நொடியே சாஷ் வேஸ்ட். வீவைலுக்கு ராக் ரெண்டு மடங்கு, ஒவ்வொரு தடவை வரும்போதும் 25 சதவீதம் போகும். அதோட அடிய பலமாக்கற லைஃப் ஆர்ப் வேற போட்டா அடிக்கு நம்ம ஹெச்பில 10 சதவீதம், ஒரு தடவை வந்து மூணு அடி அடிச்சா யாரும் தொடாமலே 55 சதவீதம் காலி. எட்டாவது ஜெனரேஷன்ல கல்லு குத்தாம காக்கற ஹெவி டியூட்டி பூட்ஸ் வந்ததும் வீவைல் ஆடறவங்க எல்லாம் அங்க ஓடினது இதுக்குத்தான். பூட்ஸ் ஒரு பாயிண்ட் கூட அடிய ஏத்தாது, ஆனா மூணு தடவை கூடுதலா உள்ள வரலாம், அதுதான் லாபம். சாஷ உருப்படியா போடலாம்னா அது மேஜிக் கார்டு திறமை இருக்கற அலகஸாமுக்குத்தான், கல்லு, விஷம், மணல் எதுவும் அத தொடாது, சாஷ் அப்படியே பத்திரமா இருக்கும்.

ரெண்டுக்கு ரெண்டு பேரா ஆடற டபுள்ஸ்ல கதை கொஞ்சம் சுலபம், பக்கத்துல ஒருத்தன் ஃபேக் அவுட் குத்தி எதிராளிய அந்த டர்ன் அடிக்க விடாம பண்ணுவான் இல்ல ரேஜ் பவுடர்ல அடிய தன் பக்கம் இழுத்துப்பான், நம்ம ஃப்ளட்டர் மேன் பாட்டுக்கு அடிச்சுட்டு இருக்கும். ஆனா அங்க டெயில்விண்ட் ஊதினா நாலு டர்னுக்கு எதிராளி டீமே ரெண்டு மடங்கு வேகம், மெதுவானவன முதல்ல அடிக்க விடற ட்ரிக் ரூம் விழுந்தா அஞ்சு டர்னுக்கு உங்க 135தான் கடைசி. அந்த நேரத்துல ப்ரொடெக்ட அழுத்தி டர்ன எண்ணிட்டு இருக்கறதத் தவிர வேற வழி கிடையாது.

சில பேர் கேப்பாங்க, இவ்ளோ தாங்கித் தாங்கி ஆடறதுக்கு பேசாம கொஞ்சம் தடியா ஒருத்தன போட்டுட்டு போலாமேன்னு. போடலாம், தப்பே இல்ல. ஆனா ஏழாவது ஜெனரேஷன் ஃபெரோமோசாவ நினைச்சுப் பாருங்க, ரெண்டு டிஃபென்ஸும் 37, ஊதினா பறந்துடும், அதப் போய் ஸ்மோகன் ஓயூல இருந்து தடை பண்ணாங்க. ஏன்னா யூ-டர்ன் அடிச்சிட்டு தானே வெளில போயிடும், உள்ள நின்னு அடி வாங்க வேண்டிய அவசியமே அதுக்கு இல்ல, எவனயாவது கொன்னா பீஸ்ட் பூஸ்ட் திறமைல பலமும் ஏறும். 151 ஸ்பீடும் 137 அட்டாக்கும் இருக்கறவனுக்கு அடிச்சிட்டு ஓடற வசதியும் கிடைச்சா அதுக்கு மேல என்ன வேணும்.

கடைசியா ஒண்ணு, இத நான் அடிக்கடி பண்றது. எதிராளி கிட்ட மூணு பேர் பாக்கி, ப்ரியாரிட்டிக்காரன் போயிட்டான், ஸ்கார்ஃப்காரன் போயிட்டான், இருக்கறவங்க எல்லாம் பாதி ஹெச்பி, என் கிட்ட வீவைலும் பாதி செத்த ஸ்லோப்ரோவும். இப்ப ஸ்லோப்ரோவ காப்பாத்த வீவைல ஸ்விட்ச்ல இறக்கமாட்டேன். ஸ்லோப்ரோ அங்கயே நின்னு ஸ்கால்ட் ஒண்ணு அடிச்சு முடிஞ்சா ஒரு பர்ன் (தீக்காயம்) போட்டுட்டு சாகட்டும். அவன் விழுந்ததும் வீவைல் ஃப்ரீயா வரும், அதுக்கப்புறம் நாக் ஆஃப், நாக் ஆஃப், ட்ரிப்பிள் ஆக்ஸல்.