ஓரியூர் சிவப்பு மண்

அம்மாவின் தலைமாட்டில் ஒரு பழைய விக்ஸ் டப்பா எப்போதும் இருக்கும். உள்ளே தைலம் கிடையாது, ராமநாதபுரம் பக்கம் புனித அருளானந்தர் ரத்தம் சிந்திய ஓரியூரின் மண். அப்பத்தா கொடுத்தது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், பரீட்சைக்குப் போனாலும், வெளியூருக்கு வேலைக்குக் கிளம்பினாலும் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அம்மா அனுப்புவார். போன வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அந்த டப்பா அவர் தலையணைக்குக் கீழேதான் இருந்தது. அப்பா பிழைக்கவில்லை. டப்பாவிலும் மண் அடியோடு தீர்ந்துவிட்டது.

அதனால் இந்த பிப்ரவரியில் அம்மா "என்னைய ஒரு தடவை ஓரியூருக்குக் கூட்டிட்டுப் போய்யா" என்று கேட்டபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அப்பாவைக் காப்பாற்றாத மண் இன்னும் எதற்கு? வாய்விட்டுக் கேட்கவில்லை.

நான்காம் தேதி திருவிழாக் கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது என்பதால் அடுத்த புதன்கிழமை போனோம். அருளானந்தரைத் தேடி வருகிறவர்களுக்குப் புதன் தனி நாள். தேவகோட்டை, திருவாடானை தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல்கள், கருவேலங்காடு, நடுநடுவே பனை. வெயில் ஏறுவதற்குள் கோவில் கோபுரம் கண்ணில் பட்டுவிட்டது. அம்மா வண்டியிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டார்.

அருளானந்தரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோதான் அவர், அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த பிள்ளை. சேசு சபை என்கிற துறவற சபையில் சேர்ந்து 1673இல் இந்தியாவுக்குக் கப்பலேறியவர், மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து காவி உடுத்தி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரச்சாமியாக வெயிலில் நடந்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். சபை அவரைப் போர்ச்சுகலுக்கு அனுப்பியது. அங்கேயே இருந்திருக்கலாம், ராஜாவும் அதைத்தான் விரும்பினார். 1690இல் திரும்பி வந்துவிட்டார். மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தச் சீமையின் ராஜா கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். முறையீடு அரண்மனைக்குப் போனது, சாமியார் கைதானார். 1693 பிப்ரவரி 4, ஓரியூர் ஆற்றங்கரையில் தலையை வெட்டினார்கள். உடலையும் அடக்கம் செய்ய விடாமல் கம்பத்தில் கட்டிப் பறவைகளுக்கு விட்டார்கள்.

எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியமாகப் படுகிறது. பிரான்சிஸ் சவேரியார் 1552இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தாலும் அவர் உடல் மலாக்கா வழியாகக் கோவாவுக்கு வந்து சேர்ந்தது, இன்றைக்கும் வெள்ளிப் பேழையில் இருக்கிறது. கோவா போனபோது அதன் முன்னால் நான் முழந்தாளிட்டிருக்கிறேன். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுத்தவர் ஆயிற்றே. ஆனால் அருளானந்தருக்கு இங்கே அப்படி ஒரு கல்லறை அமையவில்லை. எதுவும் மிஞ்சாமல் போகட்டும் என்றுதான் செய்தார்கள். ரத்தம் விழுந்த இடம் மிஞ்சியது. சனங்கள் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள், முந்நூறு வருடம் தாண்டியும் அள்ளுகிறார்கள்.

மண் நிஜமாகவே சிவப்பு. செங்கல் பொடி மாதிரி அடர்த்தியான நிறம், ஆனால் பொடி இல்லை, மணல். விரலில் தேய்த்தால் ஈரம் இல்லாமலே ஒட்டுகிறது, ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரும்புச் சத்தினால் சிவந்த தேரி மணல் தெற்கே நிறைய உண்டு, இதுவும் அந்த வகைதான் என்று படித்தவர்கள் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். மண் எப்படிச் சிவந்தது என்பதில் என் விசுவாசம் இல்லை. நம் ஊருக்கென்று வந்த ஒரு மனிதர் இந்த இடத்தில் முழந்தாளிட்டுக் கழுத்தை நீட்டினார், அது நடந்தது.

என் சித்தப்பா மகன் கத்தோலிக்கத்தை விட்டு வேறு சபைக்குப் போனவன். "அண்ணே, மண்ணையும் எலும்பையும் கும்பிடுறது விக்கிரக ஆராதனை இல்லையா?" என்று நெடுநாளாகக் கேட்கிறான். நல்ல மனதோடு கேட்கிறான், அதனால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், திருப்பண்டத்துக்கு, அதாவது புனிதர்களின் எலும்புக்கும் அவர்கள் சம்பந்தப்பட்ட பொருளுக்கும், நாம் கொடுப்பது வணக்கம். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதே சண்டை வந்து, பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுஸ் இதே பதிலைத்தான் எழுதி வைத்தார். எலிசாவின் எலும்பில் பட்ட பிணம் உயிர்த்து எழுந்தது என்று அரசர்கள் இரண்டாம் நூலில் இருக்கிறது. பவுலின் உடலில் பட்ட கைக்குட்டைகளை நோயாளிகளிடம் கொண்டுபோனார்கள் என்று திருத்தூதர் பணிகளில் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் ரத்தப்போக்கில் கிடந்த பெண் ஆண்டவருடைய மேலுடையைத்தானே தொட்டாள்? தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிற அந்தத் தவிப்பை அவர் திட்டவில்லை, "மகளே" என்று கூப்பிட்டார். ஸ்மிர்னாவில் ஆயர் பொலிக்கார்ப்பைக் கொன்று உடலை எரித்த பிறகு அங்கிருந்த கிறிஸ்தவர்கள் எலும்புகளைப் பொறுக்கி, ரத்தினத்தையும் பொன்னையும் விட மேலானது என்று சொல்லி எடுத்து வைத்தார்கள். அது இரண்டாம் நூற்றாண்டு.

1563இல் ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் இதற்குச் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த உடல்கள் தூய ஆவியின் ஆலயமாக இருந்தவை, ஒருநாள் உயிர்த்தெழப் போகிறவை. நம் சமயத்தில் உடம்பு கழற்றிப் போடுகிற சட்டை இல்லை. அதனால்தான் திருப்பண்டத்தை விற்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. இணையத்தில் விலை போட்டு விற்கிறவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள், நல்ல எண்ணத்தோடு கூட வேண்டாம்.

அன்றைக்குத்தான் ஒன்று கவனித்தேன், இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறது. 1693இல் ஈஸ்டர் மார்ச் 22. நாற்பத்தாறு நாள் பின்னால் எண்ணிப் பார்த்தால் பிப்ரவரி 4 வருகிறது, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். "மனிதனே, நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று நெற்றியில் சாம்பல் பூசும் நாளில் அவரை இந்த மண்ணில் வெட்டியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து, மண்ணை இரண்டு விரலால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டப்பாவில் போட்டார். பக்கத்தில் ஒரு பெண், நெற்றியில் குங்குமம், கைக்குழந்தையின் நெற்றியில் மண்ணைத் தொட்டு வைத்துவிட்டு எஞ்சியதைத் தாளில் மடித்தாள். அம்மா அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் கேட்டேன்.

"அம்மா, அப்பாவுக்கும் இதைத்தானே பூசினோம்?"

"ஆமா. அவரு தனியாப் போகக் கூடாதுன்னுதான் பூசுனேன். பெட்டியை மூடுறதுக்கு முன்னால மிச்சம் இருந்ததை அவர் கையிலதான் வச்சேன். நீ பார்க்கல."

நான் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு வண்டி ஏற்பாடு, ஆள் ஏற்பாடு என்று வெளியே நின்றிருந்தேன்.

"எனக்கும் இதுலேருந்து கொஞ்சம் வைக்கணும். மறந்துறாத."

"சரிம்மா" என்றேன். டப்பா மூடி சரியாகப் பொருந்தவில்லை, பழசு. ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். வீடு வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தார்.