சீலோம் மாரியம்மன் சந்நிதியில் நிறைவேறிய தாத்தாவின் நேர்த்திக்கடன்

என் தாய்வழித் தாத்தா 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், சயாம் நாட்டுக் (இன்றைய தாய்லாந்து) காட்டில், வாந்திபேதி பரவிய தொழிலாளர் முகாம் ஒன்றில் படுத்துக் கிடந்தபடியே மாரியம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் செய்துகொண்டார். உயிரோடு ஊர் திரும்பினால் பாங்காக் நகரத்து அம்மன் சந்நிதிக்கு வந்து மஞ்சள் பட்டுச் சேலை சாத்தி, எலுமிச்சை மாலை அணிவித்து, நெய்விளக்கு ஏற்றுவதாக வேண்டிக்கொண்டார். அந்த அம்மனை அவர் கண்ணால் கண்டதில்லை. அப்படி ஒரு கோயில் அந்நகரத்தில் இருப்பதை முகாமில் உடனிருந்த யாரோ ஒருவர் சொல்லக் கேட்டதோடு சரி. போர் முடிந்து 1945-இல் அவர் மலாயாவின் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத்தின் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) வாசலில் வந்து நின்றபோது பாட்டிக்கே அடையாளம் தெரியவில்லையாம். அம்மா பிறந்தது அதற்குப் பிறகுதான். எனவே அந்த வேண்டுதலை அம்பாள் கேட்டிராவிட்டால் அம்மாவும் இல்லை, நானும் இல்லை.

தாத்தாவால் கடைசிவரை போக முடியவில்லை. பால்மரம் வெட்டும் கூலியில் பிள்ளைகளை வளர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. அதற்குள் 1948-இல், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் வந்து, தோட்டத்து மக்கள் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த ஆண்டுகளும் கடந்தன. இறக்கும்போது அவர் அம்மாவிடம் விட்டுச் சென்றவை இரண்டு: ஒன்று அந்த நேர்த்திக்கடன், மற்றொன்று, அவரோடு ஒரே தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் பெயர்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றும் வேளையில் அந்தப் பெயர்களை அவர் வாய்விட்டுச் சொல்வார். கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் சயாமின் நோங் பிளாடுக் என்னும் இடத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட அந்த ரயில் பாதையைப் பற்றி மலேசியத் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நல்ல சம்பளம், சில மாதங்களில் ஊர் திரும்பலாம் என்று சொல்லித் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள். பிடிபட்டவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். 1943-ஆம் ஆண்டின் மழை முன்னதாகவே தொடங்கிக் கொட்டித் தீர்த்தது. வேலையை விரைவுபடுத்தும் வெறியும் வாந்திபேதியும் பட்டினியும் ஒருசேரக் கூடிய அந்தப் பருவத்தில்தான் மிகுதியானோர் மடிந்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் நாள் இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்தன. அதே பாதையில் வேலைசெய்து மாண்டுபோன நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. மருத்துவரும் பதிவேடும் இல்லாத தொழிலாளர் முகாம்களில் இறந்த நம்மவர்களோ, கிடத்திய இடத்திலேயே மண்ணாகிப் போனார்கள். மழை ஓயும் மாதத்தில்தான் இந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் அந்த மழைக்கால மரணங்களே. நவராத்திரியும் அந்த மாதத்திலேயே அமைந்தது அம்பாளின் ஏற்பாடு என்றே கொள்கிறோம்.

விமானத்தில் போகலாம் என்று நான் சொன்னதை அம்மா ஏற்கவில்லை. தாத்தா போன வழியிலேயே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எல்லையில் பாடாங் பெசாரில் ஏறி இரவு முழுவதும் பயணம் செய்யும் அந்த ரயிலில் எங்களுக்குப் படுக்கையும் போர்வையும் இருந்தன; தாத்தாவும் அவருடைய கூட்டாளிகளும் சரக்குப் பெட்டிக்குள், படுக்க இடமின்றி, நாள்கணக்கில் வந்தார்கள். ராட்சபுரியைக் கடந்ததும் நடத்துநரிடம் சைகையால் கேட்டு, பான் போங் நெருங்குவதை உறுதிப்படுத்திக்கொண்டு அம்மாவை எழுப்பப் போனேன். அவர் ஏற்கெனவே விழித்து, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து அமர்ந்திருந்தார். மலாயாவிலிருந்து வந்தவர்களை இறக்கிவிட்ட ஊர் அது. விடியாத வானத்தின் கீழ் நனைந்த நடைமேடையும் சில விளக்குகளும் ஓடி மறைந்தன. அம்மா கைகூப்பினார், பேசவில்லை. பாங்காக்கில் இறங்கும்வரை அவர் கைகளைப் பிரிக்கவே இல்லை.

சீலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் முனையில் நிற்கும் அம்மன் கோயிலைக் கண்டதும் தஞ்சைப் பக்கத்து ஊர் ஒன்றில் நிற்பதாகவே தோன்றியது. தமிழகத்திலிருந்து அங்கே குடியேறிய வைத்திப் படையாட்சி 1879-இல் இக்கோயிலை எழுப்பியதாகச் சொல்வார்கள். நடுவில் மாரியம்மன், இருபுறமும் பிள்ளையாரும் முருகனும். சுற்றில் சிவலிங்கமும் நவக்கிரகங்களும். மேளச் சத்தமும் கற்பூர வாசமும் நம்முடையவை. வரிசையில் நின்றவர்களுள் பத்துக்கு ஒன்பது பேர் தாய்லாந்து மக்கள். வெள்ளாடையும் சேலையும் உடுத்தி, செவ்வந்தி மாலையும் தேங்காயும் வாழைப்பழமும் வைத்த தட்டைத் தலைக்கு மேல் ஏந்தி, தரையில் மண்டியிட்டு அவர்கள் அம்மனை வணங்கும் முறையைப் பார்க்கையில், நாம் நம் தெய்வத்தை எவ்வளவு அவசரமாகக் கும்பிட்டு நகர்கிறோம் என்ற எண்ணம் வராமல் போகாது.

கோயிலுக்கு வெளியே நடப்பவை வேறு. நவராத்திரி நாள்களில் பான் சாலையில் பூத்தட்டு விற்பவர்கள் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார்கள். மொழி தெரியாதவர் என்று கண்டுகொண்டால் மேலும் கூட்டுகிறார்கள். தங்கியிருந்த இடத்துக்கு வெளியே ஒரு டுக்டுக் ஓட்டுநர், கோயில் அன்று மாலைவரை திறக்காது, அதற்குள் வேறொரு கோயிலையும் ஒரு நகைக் கடையையும் காட்டுகிறேன் என்று சாதித்தார். மணியோசை அவர் தலைக்கு மேலேயே கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொருவர், பணம் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் முன்னே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். தரகர் பிடித்துத் தீர்க்கும் கடனா இது? அம்மா முட்டி வலியோடு வரிசையில்தான் நின்றார். வெயிலும் தூறலும் மாறி மாறி வந்தன. உட்கார இடமில்லை. முன்னால் நின்ற வெள்ளுடைப் பெண்மணி தான் கொண்டுவந்த மடக்கு நாற்காலியை ஒரு சொல்லும் பேசாமல் விரித்து அம்மாவின் பின்னால் வைத்தார்.

சந்நிதிக்கு முன் நாங்கள் சென்று சேர்ந்த அந்தச் சில நிமிடங்களைத்தான் நான் எழுத விரும்பினேன். மற்றவை எல்லாம் அதற்கு வழி.

குருக்கள் தமிழகத்திலிருந்து வந்தவர். சேலையையும் மாலையையும் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நெருக்கடியில் அவசரமாக, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோம்மா" என்றார்.

அம்மா தம் பெயரைச் சொல்லவில்லை. "சயாம் ரயிலுக்குப் போன எங்க ஆளுங்க பேரு சாமி. நட்சத்திரம் ஒருத்தருக்கும் தெரியாது. எங்கப்பா ஒருத்தருதான் திரும்பி வந்தாரு" என்றார்.

குருக்கள் கையிலிருந்த தட்டோடு நின்றுவிட்டார். இறந்தவர்களின் பெயரில் அர்ச்சனை செய்யும் வழக்கமில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. அவர் ஒரு கையை உயர்த்தி வரிசையை நிறுத்திவிட்டு, "அர்ச்சனை உங்க பேர்லயும் பிள்ளை பேர்லயும் பண்றேன். நெய்விளக்கை நீங்க ஏத்துங்கோ. ஏத்தும்போது அவா பேரையெல்லாம் அம்பாள் காதுல நீங்களே சொல்லிடுங்கோ. அவசரமில்லை" என்றார்.

அம்மா விளக்கை ஏற்றினார். கை நடுங்கியதில் திரி இரண்டு முறை அணைந்து, மூன்றாம் முறை நின்று எரிந்தது. பிறகு அந்தப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். தாத்தா சொல்லிவந்த அதே வரிசையில், மேல் லயத்தில் குடியிருந்தவர்கள் முதலில், கீழ் லயத்தில் குடியிருந்தவர்கள் அடுத்து, அண்ணன் தம்பி என்றால் இருவரையும் சேர்த்து, பெயர் தெரியாமல் அடையாளப் பெயரால் மட்டும் அழைக்கப்பட்ட ஒருவரை அந்த அடையாளப் பெயராலேயே சொன்னார். உள்ளே, எங்கள் மஞ்சள் சேலையைத் தோளில் ஏற்று, எலுமிச்சை மாலை மார்பில் தவழ, தீபாராதனை வெளிச்சத்தில் அம்பாள் முகம் தெரிந்தது. மூக்குத்தி மின்னியது. தாயே, எத்தனை காலம் காத்திருந்தாய் என்று கேட்க நினைத்தேன், நாக்கு எழவில்லை. நெஞ்சு நிறைந்து கண்ணீர் வழிந்ததே தவிர வேண்டுதல் என்று ஒன்றும் வரவில்லை. என்ன கேட்பது? உயிரையே தந்தவளிடம் இன்னும் என்ன கேட்பது? அம்மா கடைசிப் பெயரைச் சொல்லி முடித்ததும் குருக்கள் ஆரத்தித் தட்டை எங்களிடம் நீட்டிவிட்டு, தாமும் ஒரு கணம் கண்ணை மூடி நின்றார். வரிசையை நிறுத்தியதற்காக எவரும் குரல் எழுப்பவில்லை என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

விஜயதசமி இரவு அம்பாள் வீதியுலா புறப்பட்டபோது சீலோம் சாலையில் வண்டிகள் இல்லை. அலுவலகக் கட்டடங்களும் வங்கிகளும் நிறைந்த அந்தச் சாலையின் இருபுறமும் மக்கள் மேசை போட்டு, சாமி படங்களும் சிலைகளும் வைத்து, வாழைத்தாரும் இளநீரும் பூவும் படைத்துத் தரையில் அமர்ந்திருந்தார்கள். பருவத்தின் கடைசி மழையோ என்னவோ, நன்றாகவே பெய்தது. குடை வைத்திருந்தவர்கள் அதை மேசையிலிருந்த பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் பிடித்துவிட்டுத் தாங்கள் நனைந்தார்கள். கரகமும் காவடியும் முருகனும் கடந்து, விளக்கொளியில் அம்பாளின் ரதம் நெருங்கியபோது கைநிறைய செவ்வந்தி இதழ்கள் பறந்தன. கூட்டத்தில் முண்டியடித்துக் கைப்பேசியை நீட்டியவர்களால் அம்மாவுக்கு ரதத்தின் உச்சி மட்டுமே தெரிந்தது என்பது எனக்கு வருத்தம். அம்மாவுக்கு அந்த வருத்தமும் இல்லை. சந்நிதியில் பார்த்தது போதும் என்றார். சீனர்களின் ஒன்பது நாள் சைவ விரதமும் அதே நாள்களில் வந்ததால், மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் விரதம் கெடாமல் சாப்பிட முடிந்தது.

பாங்காக்கின் ராட்சத ஊஞ்சல் என்னும் நினைவுச்சின்னத்தின் அருகே 1784-இல் தாய்லாந்து மன்னர் முதலாம் ராமர் கட்டிய தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலுக்கும் சென்று, சிவபெருமானையும் பிள்ளையாரையும் பெருமாளையும் சேவித்தோம். திருவெம்பாவை ஓதும் மரபு அந்தணர்களிடம் இன்றும் நீடிக்கும் இடம் அது. மார்கழியில் ஒருமுறை வர வேண்டும்.

ஊர் திரும்புமுன் ஒரு கடமை எஞ்சியிருந்தது. பிள்ளைகளின்றி, எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளின்றிப் போனவர்களுக்காகக் காருண்ய தர்ப்பணம் செய்ய வேண்டும் என்று ஊரில் எங்கள் புரோகிதர் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவால் காஞ்சனபுரிவரை பயணம் செய்ய இயலாத நிலையில், சாவ்பிரயா நதிக்கரைக்கே போனோம். அவர்கள் மாண்ட குவாய் நதி சாவ்பிரயாவில் கலப்பதில்லை. மேக்லோங்கில் சேர்ந்து தனியாகக் கடலுக்குப் போகிறது. ஆயினும் இரண்டும் சேரும் வளைகுடா ஒன்றே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். சீனக் கப்பல் வடிவில் மன்னர் மூன்றாம் ராமர் சேதியம் (தூபி) எழுப்பிய யன்னாவா பௌத்த ஆலயத்தின் அருகே, ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடியது. வடக்கே பெய்த மழையெல்லாம் மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து, செம்பழுப்பு நீரில் ஆகாயத்தாமரைக் கொத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலை நோக்கி மிதந்தன. நம் ஊர்ப் படித்துறைபோல் இறங்கி நிற்க வழியில்லை. மிதக்கும் துறைமேடை ஒவ்வொரு படகு போகும்போதும் ஆடியது. தெற்கு நோக்கி மண்டியிட்டு, அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, எள்ளும் நீரும் விட்டேன். துறையில் காவலுக்கு நின்ற முதியவர் முதலில் தடுக்கத்தான் வந்தார். எள்ளைப் பார்த்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் கைகூப்பிவிட்டு ஒதுங்கினார். அடுத்து வந்த படகின் பயணிகளையும் மறுபக்கமாக இறக்கிவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அந்தப் பெயர்களுக்கு உரியவர்களின் உறவினர் சிலர் இன்றும் கெடாவின் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் இருக்கிறார்கள். எங்களோடு வர முடியாதவர்கள், வயதானவர்கள். குருக்கள் கொடுத்த குங்குமத்தை அம்மா ரயிலிலேயே சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் வீட்டின் பெயரை எழுதச் சொன்னார். தீபாவளிக்குள் எல்லா வீடுகளுக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறோம்.