சேர்வே பிளானில் இல்லாத பாதைகள்

காணி அளக்கப் போகிறவன் முதலில் தேடுவது மனிதர் விட்டுப்போன அடையாளங்களைத்தான். பழைய எல்லைக்கல், கிளுவை வேலி, தூர்ந்துபோன கிணறு, தனித்து நிற்கும் பனை. திருகோணமலையைச் சுற்றியுள்ள காணிகளில் வேலை செய்யச் செய்ய, வேறு அடையாளங்களும் கண்ணில் படத் தொடங்கின. பற்றைக்குள் முழங்கால் உயரத்துக்கு மட்டும் திறந்திருக்கும் தடம் ஒன்று. அடிமரத்தில் சேறு பூசியிருந்தால் அது பன்றி போகிற வழி. வெள்ளையும் கறுப்புமாக முள் கிடந்தால் முள்ளம்பன்றி. வெட்டையான கல்லின் மேல் பாலை விதைகளோடு எச்சம் கிடந்தால் மரநாய் இரவில் வந்துபோயிருக்கிறது. என்னோடு செயின் பிடிக்க வருகிற அண்ணர் இவற்றை என்னைவிட வேகமாக வாசிப்பார். காடு வெட்டி வளர்ந்த கை.

இந்தத் தடங்கள் எதுவும் நேராகப் போவதில்லை. ஓடைக்கரையைப் பிடிக்கும், நிழலைப் பிடிக்கும், கல்லைச் சுற்றும். நான் இழுக்கிற கோடு நேரானது. ஒரு ஏக்கர் 160 பேர்ச். உரிமையாளர் அதை இருபதாகவும் பதினைந்தாகவும் உடைத்துத் தரச் சொல்கிறார். ஒவ்வொரு துண்டுக்கும் வாகனம் போக வழி விடவேண்டும், அது சட்டம். துண்டு துண்டாக உடைவதற்கு முன்னால் அந்த நிலத்தின் குறுக்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வழிகளைக் குறிக்க பிளானில் ஒரு கோடும் கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. போர்க்காலத்தில் சனம் விட்டு ஓடிய தோட்டங்கள் வருஷக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. சம்பூரில் 2006இல் வெளியேறியவர்கள் 2015க்குப் பிறகுதான் திரும்ப முடிந்தது. அந்த இடைவெளியில் தென்னைக்கு நடுவே வீரையும் விளாவும் முளைத்து, கிணற்றடியில் ஈச்சம்பற்றை மூடி, வீட்டுச் சுவருக்குள் ஆலமரம் வேர் விட்டிருந்தது. பற்றை வெட்டித் துப்புரவாக்கியபோது முயலும் உடும்பும் பன்றிக்குட்டிகளும் சிதறி ஓடின. "காட்டு மிருகம் ஊருக்குள்ள வந்திட்டுது" என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். அங்கேயே பிறந்த பன்றிக்கு அது எப்படி வேற்றூர் ஆகும்? ஆனால் காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு முகாம் முகாமாக அலைந்து திரும்பிய சனத்தைப் பார்த்து இதை என்னால் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வீடிழந்தவர்கள்தான்.

இப்போதைய வெட்டல் அப்படியானதல்ல. கன்னியா, ஆண்டாங்குளம், சாம்பல்தீவு, நிலாவெளி என்று நகரம் வெளியே நீளுகிறது. வீடு கட்ட, விடுதி கட்ட, அல்லது விலை ஏறட்டும் என்று வாங்கிப்போட. டோசர் ஒரு நாளில் பெரிய பற்றையையே தரைமட்டமாக்கிவிடும். அதன் பிறகு விலங்குகள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. பல எங்கேயும் போவதில்லை. நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. ஆண்டாங்குளத்தில் ஒரு அம்மா சொன்னதுதான் இதற்குச் சரியான விளக்கம்: "பகல்ல ஒரு சத்தமும் இல்லத் தம்பி. லைட்டை நூத்தாப் போதும், எல்லாரும் வந்திருவினம்." 2018இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகளை எடுத்து, மனித நடமாட்டம் உள்ள இடங்களில் அவை இரவு நடமாட்டத்தைக் கூட்டிக்கொள்கின்றன என்று காட்டியது. அந்த அம்மாவின் மரவள்ளிப் பாத்தியிலும் அதேதான் நடக்கிறது.

இப்படி மாறிக்கொள்வதில் எல்லாரிலும் கெட்டிக்காரர் எங்கள் நகரத்து மான்கள் என்று வெளியூரார் நினைப்பார்கள். கோட்டைக்குள்ளே, கோணேசர் கோயிலுக்குப் போகிற ஏற்றத்தில், கடற்கரையில், பஸ் நிலையத்தடியில் புள்ளிமான் நிற்பதைப் படமெடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. உண்மையில் புள்ளிமான் அடர்காட்டு விலங்கல்ல. புல்வெளியும் ஓரத்தில் மரநிழலும் இருந்தால் அதற்குப் போதும். போர்த்துக்கேயர் 1624இல் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, ஆங்கிலேயர் 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்த அந்த வளவில் இரண்டும் உண்டு. சிறுத்தை இல்லை. துவக்கோடு வேட்டைக்காரர் வர முடியாது. கோயிலுக்கு வருகிறவர்கள் வாழைப்பழம் நீட்டுகிறார்கள். மரத்திலிருந்து குரங்கு உதிர்க்கும் இலையையும் பழத்தையும் கீழே நின்று பொறுக்கித் தின்பது காட்டிலும் மானின் வழக்கம்தான்.

அந்தப் பழக்கமே ஊருக்குள் அதற்கு எமனாகிறது. கீழே விழுந்ததைத் தின்னலாம் என்று அறிந்த விலங்கு, சோறு கட்டிய பையையும் அப்படியே நம்புகிறது. பையில் உப்பும் கறியும் மணக்கும். மான் அசைபோடும் பிராணி, மாட்டைப் போல நான்கு அறை வயிறு. பொலித்தீன் முதலறையில் தங்கிவிடும். செரிக்காது, வெளியேறாது, மேலும் மேலும் சேர்ந்து உருண்டையாகும். தின்ற புல்லுக்கு இடமிருக்காது. வயிறு நிறைந்தபடியே பட்டினியில் சாகும். 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனுக்கு 2007இல் தடை வந்தது. சோறு சுற்றும் லஞ்ச் சீட்டுக்கு 2017 செப்டெம்பரில் வந்தது. இருந்தும் கடற்கரையில் மான் பையை இழுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. படம் எடுப்பதற்கு முன் அந்தப் பையைப் பிடுங்கிவிடுங்கள். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்தது ஊரறிந்த செய்தி. அவ்வளவு பெரிய உடம்புக்கே அந்தக் கதி.

நாம் காணும் விலங்குகள் பிழைக்கத் தெரிந்தவை. செங்குரங்கு எதையும் தின்னும், எந்த வாளியையும் திறக்கும், அதனால் அது பெருகுகிறது, அதனாலேயே திட்டும் வாங்குகிறது. எனக்குக் கவலை காணாதவற்றைப் பற்றி. தேவாங்கு பாயாது. ஒரு கிளையைப் பிடித்தபடியே அடுத்த கிளைக்குக் கை நீட்டும். இரண்டு மரங்களுக்கு நடுவே இருபது அடிப் பாதை ஒன்று வந்தால், பக்கத்து மரத்துக்குப் போக அது தரையில் இறங்கவேண்டும். தரையில் நாயும் சக்கரமும் உண்டு. எறும்பும் கறையானும் தின்னும் அழுங்குக்குப் புற்று வேண்டும், டோசர் முதலில் தட்டுவது புற்றைத்தான். இவை ஊருக்குள் வந்து தொல்லை கொடுப்பதில்லை, முறைப்பாடும் வருவதில்லை. இல்லாமல் போனது கூடத் தெரியாது.

வேலை செய்கிற இடத்தில் நான் கண்ட பெரிய மாற்றம் வேலி. முன்பு கிளுவையும் பூவரசும் நட்டு நடுவில் கிடுகோ முட்கம்பியோ கட்டுவார்கள். அடியில் பொட்டு, அதாவது நுழைந்துபோகச் சின்ன இடைவெளி, இருக்கும். கீரி, உடும்பு, மரநாய் எல்லாம் அதால் போய்வரும். மேலே வேலி மரங்கள் கைகோர்த்து நிற்கும், ஓணானும் அணிலும் கால் தரையில் படாமல் ஒழுங்கை முழுவதும் போகும். இப்போது ஆறடிக் கல் மதில், அத்திவாரத்தோடு. நான்கு வளவில் வரிசையாக மதில் எழுந்தால் போதும், ஒரு தடம் முழுவதும் செத்துவிடும். மதில் ஏறத் தெரிந்த குரங்கு மட்டும் உள்ளே வரும். "மதில் கட்டியும் குரங்கு வருதே ஐயா" என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

அதனால் இப்போதெல்லாம் கல் நடுவதற்கு முன் காணிக்காரரோடு கொஞ்சம் கதைக்கிறேன். ஓடைக்கு ஒதுக்கிய நிலத்தை மதிலுக்குள் இழுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன், அதை அடைத்தால் மாரியில் வெள்ளம் அவருடைய வீட்டுக்குள்தான் வரும். முன்பக்கம் மதில் கட்டட்டும், பின்பக்கம் உயிர்வேலி போதாதா என்று கேட்பேன். மதில்தான் வேண்டுமென்றால் தண்ணீர் போக அடியில் விடும் துவாரத்தைக் கொஞ்சம் அகலமாக விடச் சொல்வேன். நிற்கிற பாலையையும் வீரையையும் எல்லையிலேயே வைத்துக் கோட்டைப் பிரிக்க முடிந்தால் பிரித்துக் கொடுப்பேன். பலர் தலையாட்டிவிட்டுத் தங்கள் விருப்பத்துக்குக் கட்டுகிறார்கள். சாம்பல்தீவுப் பக்கம் அடுத்தடுத்த வளவுக்காரர் மூன்று பேர் மட்டும் பின்வேலியை உயிர்வேலியாகவே விடச் சம்மதித்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார், பாம்பும் வராதா என்று. வரும் ஐயா, அதைப் பிடிக்கிற கீரியும் வரும் என்றேன். வேலிக்கு நடும் கிளுவைக் கதியால் எங்கே வாங்கலாம் என்று விசாரித்துக்கொண்டு போனார்.