நாலு கம்பியில் ஓடிய லேன்: மொட்டை மாடி வரை போய்த் தேடியது

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அப்பா அந்த ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். வருஷா வருஷம் சிரசு ஊர்வலத்தை எடுத்த நெகட்டிவ்களைப் பிஸ்கட் டின்களில் போட்டு வைத்திருந்தார். இரண்டு வருஷமாக அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வருகிறேன். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 100 எம்பி, எல்லாம் சேர்ந்து 400 ஜிபி. இந்தத் திருவிழாவுக்குள் தூசியும் கீறலும் நீக்கி, படங்களை அப்பா கையில் கொடுத்துவிட வேண்டும் என்று சித்திரை பிறந்ததும் உட்கார்ந்தேன்.

ஸ்கேன்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரி வீட்டின் மாடி அறையில், உபுண்டு (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) போட்ட பழைய கம்ப்யூட்டரில். திருத்துவது கீழே ஹாலில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில். இரண்டுக்கும் நடுவே ஒரு லேன் ஒயர். ராத்திரி பத்து மணிக்குக் காப்பி போட்டுவிட்டுப் படுத்தேன். விடியற்காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தால் இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி என்று காட்டியது. வேகம் விநாடிக்கு 11.2 எம்பி. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, கோடு போட்ட மாதிரி அதே 11.2.

அந்த எண்ணை அன்றைக்கே உற்றுக் கவனித்திருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். ஹார்டு டிஸ்க் கிழடாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் மாடி கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஃபோல்டரைப் படித்துப் பார்த்தால் விநாடிக்கு 120 எம்பிக்கு மேல் வந்தது. பிறகு நெட்வொர்க் டிரைவரைப் புதுப்பித்தேன், மாற்றம் இல்லை. கடைசியில் விண்டோஸ் செட்டிங்ஸில் ஈத்தர்நெட் பக்கத்தைத் திறந்தேன். லிங்க் ஸ்பீடு, அதாவது ஒயர் வழி இணைப்பின் வேகம், 100/100 என்று இருந்தது. மாடியில், உபுண்டுவில் இந்த வேகத்தைக் காட்டும் எத்டூல் கமாண்டும் அதையே சொன்னது. இரண்டு கம்ப்யூட்டரிலும் இருப்பது கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) நெட்வொர்க் கார்டு, நடுவில் லேன் ஒயர்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியும் கிகாபிட். ஆனாலும் அவை பேசிக்கொண்டது 100 எம்பிபிஎஸ்ஸில். எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு மெகாபிட், ஃபைல் காப்பியில் காட்டும் எம்பி மெகாபைட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் லிங்க் முழு மூச்சில் ஓடினால் ஃபைல் காப்பியில் கிடைப்பது இந்த 11 சொச்சம்தான். ஆக வேகம் குறையவே இல்லை. இருந்த பாதையின் உச்சத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு தப்பு செய்தேன். கார்டு செட்டிங்கில், இரு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்யும் ஆட்டோ நெகோஷியேஷனை எடுத்துவிட்டு 1 ஜிபிபிஎஸ் என்று கட்டாயமாக வைத்தேன். லிங்க் அடியோடு போய்விட்டது, ஸ்விட்ச் விளக்கும் அணைந்தது. இதை யாரும் செய்யாதீர்கள், ஆட்டோவிலேயே விடுங்கள். ஒரே ஒரு பலன், சந்தேகம் முழுக்க ஒயர் மேல் திரும்பியது. கம்ப்யூட்டரைத் தூக்கி ஸ்விட்ச் பக்கத்தில் வைத்து ஒரு மீட்டர் ஒயரில் மாட்டினேன். உடனே 1000 காட்டியது.

லேன் ஒயருக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6-ஆம் கம்பிகள். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். மிச்ச நாலில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் பல கார்டுகள் கிகாபிட்டுக்கு முயன்று பார்த்து, முடியாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். இன்டர்நெட் வழக்கம்போல ஓடும், யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் நாலு வருஷம் தெரியவில்லை.

ஒவ்வொரு கம்பியாகச் சோதித்து விளக்கு காட்டும் கேபிள் டெஸ்டர் வாங்கி வந்தேன், முனைக்கு ஒன்றாக இரண்டு பெட்டி. பெரிய பெட்டியை நான் மாடியில் மாட்டினேன், சின்னதை மகள் கீழே மாட்டினாள். விளக்கு எரிய எரிய அங்கிருந்து கத்தினாள்: "ஒண்ணு... ரெண்டு... மூணு..." பிறகு சத்தமே இல்லை. "ஆறு!" மறுபடி சத்தம் இல்லை. "அப்பா, நாலு, அஞ்சு, ஏழு, எட்டு வரவே இல்லப்பா." மாடிப்படியில் நின்றபடி கேட்டபோது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. மூன்று நாளாகத் தேடியது எந்த இடம் என்று தெரிந்துவிட்டது.

இரண்டு முனை ஜாக்கையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பியும் ஒழுங்காக உள்ளே இருந்தன. அப்படியென்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மறுநாள் காலை ஐந்தரைக்கு மொட்டை மாடி ஏறினேன். சித்திரை வெயிலில் வேலூர் மாடியில் ஒன்பது மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. ஒயரைத் தடவிக்கொண்டே போனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய கட்டைவிரல் பருமனான முடிச்சு. பசை உருகி வழிந்து மண் ஒட்டியிருந்தது. பிரித்தேன். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் முறுக்கி ஒட்டப்பட்டிருந்தன. நீலமும் பழுப்பும் ஒட்ட வெட்டி மடக்கி விடப்பட்டிருந்தன.

நாலு வருஷத்துக்கு முன் மாடியில் தளம் போட்டபோது ஒயர் அறுந்தது, ஒருவரை வைத்து ஒட்டினோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு வீட்டில் இருந்த ரவுட்டரே 100 எம்பிபிஎஸ்தான், நாலு கம்பி அதற்குப் போதும். எட்டையும் ஒட்டியிருக்கலாம் என்பது மட்டும் என் வருத்தம்.

மிச்ச நாலையும் ஒட்டிவிடலாம் என்று நீலக் கம்பியைச் சீவினேன், இரண்டாவது மடிப்பில் முறிந்தது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக மின்னியது. செம்பு இல்லை, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. மேல் தோலும் வெயிலில் வெடித்திருந்தது. மாற்றுவதே சரி.

கடையில் இரண்டு ரகம் எடுத்துப் போட்டார்கள். "எது வோணும் சார்? இது பாதி விலை, ரெண்டும் கேட் 6 தான்." கேட் 6 என்பது லேன் ஒயரின் தர வகை. தோலில் இருந்த எழுத்து இரண்டிலும் ஒன்றேதான். ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி அங்கேயே சுரண்டிப் பார்த்தேன். விலை குறைந்தது அதே வெள்ளை. முழுச் செம்பில் 30 மீட்டர் வாங்கினேன். லேனுக்கு 100 மீட்டர் வரை அனுமதி என்பதால் தூரம் கவலையில்லை. வெயில் படாமலிருக்க மாடி நீளத்துக்கும் பிவிசி பைப் போட்டு அதற்குள் இழுத்தேன். நடுவில் ஒட்டு எதுவும் இல்லை.

ஜாக் போடும்போது நிறத்தை மனம் போன வரிசையில் வைக்கக் கூடாது. நான் வைத்த வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீலத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்பது விநோதமாகத் தெரியும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே ஜோடியாக முறுக்கியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. பார்வைக்கு அழகாக ஜோடி ஜோடியாக இரு முனையிலும் அடுக்கினால் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், வேகம் மட்டும் வராது. சாதாரண டெஸ்டருக்கு அந்தப் பிழை தெரியாது. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல், மேல் தோல் ஜாக்கின் பிடிக்குள் போகும்படி வைத்து அழுத்தினேன். முதல் ஜாக் வீணானது, இரண்டாவதில் தோல் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

மகள் இந்த முறை எட்டு வரை விடாமல் எண்ணினாள். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3-இல் பழைய ஒயரில் 94 இருந்தது, இப்போது 941 எம்பிபிஎஸ். ஃபைல் காப்பி விநாடிக்கு 112 எம்பியில் ஓடுகிறது. பத்து மணி நேரம் பிடித்தது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. உச்சி வெயிலில் மறுபடி இறங்கிவிடுமோ என்று மதியம் இரண்டரைக்கு எத்டூலை ஓட்டிப் பார்த்தேன், 1000 என்றே இருந்தது. அடுத்த நான்கு நாளும் அதே நேரத்தில் பார்த்தேன், மாறவில்லை.

நேற்று வரை 640 படம் திருத்தியாகிவிட்டது. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூட்டத்தில் யார் யார் என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். முன்பு ஒரு படம் திறக்க பத்து விநாடி ஆகும், அதற்குள் அவர் எழுந்து போய்விடுவார். இப்போது அவரே "அடுத்தது போடு" என்கிறார்.