முக்காலி ஏன் சாய்ந்தது?

மேன்ஹோல் மேலே, ஆளைக் கயிற்றில் இறக்கி ஏற்றும் முக்காலியை (டிரைபாட்) நிறுத்தியாச்சு, மூன்று காலுக்கும் பூட்டுப் பின் (ஊசி) மாட்டியாச்சு, இனி பயமில்லை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன மாதம் சிங்கப்பூர் துவாஸில் ஒரு யார்டில் மீட்புப் பயிற்சி நடந்த அன்றைக்கு அந்த நினைப்பு போனது.

குழிக்குள் 80 கிலோ பொம்மை. பாதி தூக்கும்போது வின்ச் (கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கருவி) சிக்கிக்கொண்டது. 'வின்ச்சை விடுங்கண்ணே, கையாலேயே இழுத்துடலாம்' என்று பசங்க மூணு பேர், உச்சியில் இருந்த இன்னொரு கப்பியில் வேறு கயிறு கோத்து, நாலு மீட்டர் தள்ளி நின்று, திருவிழாவில் வடம் பிடிக்கிற மாதிரி இழுத்தார்கள். பொம்மை ஓர் அடி ஏறியது. அதே நேரம் எதிர்ப்பக்கத்துக் கால் சத்தமே இல்லாமல் தரையை விட்டுக் கிளம்பியது. மழை பெய்து ஓய்ந்திருந்த கான்கிரீட்டில், ரப்பர் பாதம் இருந்த இடம் மட்டும் வட்டமாகக் காய்ந்து தெரிந்தது. விட்டுவிடாமல் மெல்ல இறக்கச் சொன்னேன். உள்ளே ஆள் இல்லை என்பதால் இதை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முக்காலி உறுதியானதுதான். கோளாறு கயிறு போன திசையில். கப்பிக்கு ஒரு பக்கம் பொம்மை நேர்கீழே இழுக்கிறது, இன்னொரு பக்கம் பசங்க சாய்வாக இழுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்த விசை இரண்டு கயிற்றுக்கும் நடுக்கோட்டில் போகும். அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டிப் பாருங்கள். மூன்று பாதங்களுக்கு நடுவே இருக்கும் முக்கோணத்துக்குள் விழுந்தால் முக்காலி நிற்கும், வெளியே போனால் கவிழும். கயிறு 45 டிகிரி சாய்ந்தால் கோடு 22.5 டிகிரி சாயும். 2 மீட்டர் உயர முக்காலியில் அது தரையில் 80 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழுகிறது. இரண்டு காலுக்கு நடுவே இழுத்தால் முக்கோணத்தின் ஓரம் அதைவிட ரொம்பக் கிட்டத்தில் இருக்கும்.

வின்ச்சைக் காலிலேயே பொருத்துவது இதற்காகத்தான். கயிறு காலை ஒட்டி இறங்குவதால் நடுக்கோடு முக்கோணத்துக்குள்ளேயே நிற்கும். ஆட்கள்தான் இழுக்க வேண்டும் என்றால் காலடியில் இன்னொரு கப்பி வைத்துக் கயிற்றைத் திருப்புங்கள். அந்தக் கப்பியை முக்காலியில் கட்டாமல் தனி ஆங்கரில் (அசையாத பிடிமானத்தில்) கட்டினால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் கால் வழுக்கும். கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: குடத்தின் எடையோடு நாம் இழுக்கிற விசையும் சேர்ந்துதான் உத்தரத்தில் விழும். 100 கிலோ ஆளைத் தூக்கும்போது உச்சிக்குக் கிட்டத்தட்ட 200 கிலோ.

பாதங்களைச் சுற்றிக் கட்டும் சங்கிலியை 'எதுக்குண்ணே இது, தடுக்கி விழவா' என்று கழற்றி வைக்கிறவர்கள் உண்டு. கழுதைக்குத் தளை போடுகிற மாதிரிதான் அது. பளு ஏறினால் கால்கள் விரியப் பார்க்கும், சங்கிலி விரிய விடாது. தொங்கலாக இருந்தால் அது இருந்தும் பிரயோஜனமில்லை. அப்புறம் இரண்டாவது பாதுகாப்புக் கயிறு, அதை முக்காலியிலேயே கட்டாதீர்கள், முக்காலி போனால் இரண்டும் போகும். ஆள் இறங்குமுன் ஒருவர் தொங்கி, தரையிலிருந்து அரையடி மேலே ஆடிப் பார்த்துவிட வேண்டும்.

இறங்குமுன் குழிக்காற்றில் ஆக்சிஜன் 19.5-க்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையில் இருக்கிறதா, உள்ளே போக பெர்மிட் கையெழுத்தாச்சா என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம், அதை விடுகிறேன்.

2025 ஜூலையில் தஞ்சோங் கத்தோங் சாலையில் பள்ளத்துக்குள் காரோடு விழுந்த பெண்ணை நம் ஆட்கள் வெறும் கயிறு போட்டுத் தூக்கினார்களே, அங்கே முக்காலி இருந்திருந்தால் என்று ஒரு தம்பி கேட்டான். எங்கே நிறுத்துவாய் என்று திருப்பிக் கேட்டேன். பள்ளத்தின் ஓரத்தில் தார் மட்டும் இருக்கலாம், அடியில் மண் இருக்காது. பாதம் ஊன்ற இடமில்லாத முக்காலி வெறும் இரும்பு.

பயிற்சிக்கு மறுநாள் காலை காப்பிக்கடையில் மூன்று சாப்ஸ்டிக்கை ரப்பர் பேண்டால் கட்டி, சாவிக்கொத்தை நூலில் தொங்கவிட்டுப் பசங்களுக்குக் காட்டினேன். ஒருத்தன் நூலைப் பக்கவாட்டில் இழுத்தான். சாவிக்கொத்து நேராக என் தே ஓ (பாலில்லாத டீ) கோப்பைக்குள் விழுந்தது.