மேற்குச் சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாகப் புழங்கும் ஊர்களுக்கு நடுவே உள்ள ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு விலகி வழி விடுவதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்று முழுவதும் எங்கள் ஜன்னல்களில்தான் வந்து மோதுகிறதோ என்று தோன்றும். இப்படிக் காற்றடிக்கும் ஊரில் ஆய்வகத்துக்குள் காற்று கெடுமா என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் கேட்பதுண்டு. கெடும், அதிலும் ஆடி மாதத்தில்தான் அதிகம் கெடும்.

ஃபியூம் ஹூட் என்பது நச்சு ஆவியை உள்ளிழுத்து வெளியேற்றும், முன்புறம் கண்ணாடிக் கதவுள்ள பெட்டி; பெரிய விசையோடு இழுக்கும் இயந்திரமன்று. அதன் வாயில் உள்நோக்கிப் போகும் காற்றின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இருந்தால் போதும் என்பதே பொதுவான கணக்கு. குறுக்கே வீசும் காற்று அதில் பாதியைக்கூட எட்டக் கூடாது. ஆனால், ஒருவர் அதன் முன்னால் வேகமாக நடந்து போனாலே அதைவிட மிகுந்த காற்றசைவு உண்டாகிவிடும். அப்படியிருக்க, மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, தலைக்கு மேல் சீலிங் ஃபேனையும் சுழலவிட்டால், உள்ளே போக வேண்டிய ஆவி கண்ணாடிக் கதவின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வேலை செய்பவரின் முகத்துக்கே திரும்பி வரும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஹூட்டின் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தோம். புகை உள்ளே போவதுபோல் போய், ஜன்னலில் ஒரு வீச்சு வந்ததும் வெளியே சுருண்டது. பக்கத்தில் நின்ற அட்டெண்டர் அண்ணன், "டீச்சர், இது வெளியே தள்ளுதே" என்றார்.

எங்கள் அறையில் இன்னொரு கோளாறும் இருந்தது. கட்டடம் எழுப்பியவர்கள் வரைபடத்தில் காலியாகத் தெரிந்த மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தியிருந்தார்கள். காற்று வரும் திசையும் அதுவே. ஸ்விட்சை அணைத்து வைத்தாலும் ஆடிக்காற்றில் அதன் இறக்கைகள் எதிர்ப்புறமாகச் சுற்றும். ஓடவிட்டாலும் பாதிச் சக்தி காற்றோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். இரண்டு வகுப்புகள் முடிவதற்குள் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைப் பொடி படிந்துவிடும். அம்மோனியா புட்டியும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியும் அருகருகே திறக்கப்படுவதால் உண்டாகும் அமோனியம் குளோரைடு அது. தினமும் துடைத்தவர்கள் அதைத் தூசி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூக்கை நம்பலாம் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டறியும் உப்புப் பகுப்பாய்வில், இரண்டாம் தொகுதி உலோகங்களுக்குப் பயன்படும் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றமாக மிகக் குறைந்த அளவிலேயே தெரியும். ஆனால் காற்றில் 10 லட்சத்துக்கு 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மோப்ப உணர்வே மரத்துப்போகும். அந்த வாயுவைத் தயாரிக்கும் கிப் உபகரணம் இருந்த காலத்தில் மாணவிகளின் வெள்ளிக் கொலுசு கறுப்பது அந்த வாயு அறைக்குள் தங்குகிறது என்பதற்கு அசைக்க முடியாத சாட்சி. இப்போது அதற்குப் பதிலாகத் தயோஅசிட்டமைடு கரைசலுக்கு மாறிய பிறகு வாயு குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. அந்தக் கரைசலைச் சூடாக்கும்போது வருவதும் அதே வாயுதான். பாதரச ஆவிக்கோ வாசனையே கிடையாது. உடைந்த வெப்பமானியைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளும் வழக்கத்தை நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியில் ஹூட்டுக்குத் தனிக் குழாய் போட்டு, அதன் வாயைக் கூரைக்கு மேல் 3 மீட்டர் உயர்த்தினார்கள். செய்முறை நேரத்தில் மேற்கு ஜன்னல்களை மூடிவிட்டுக் கிழக்கு வராந்தாப் பக்கத்து ஜன்னல் பலகைகளைத் திறந்து வைக்கிறோம். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்றுக்கு ஒரு வழி வேண்டும், இல்லாவிட்டால் ஹூட் எதை இழுக்கும்? புழுக்கம்தான், மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் அடுத்த கட்டடத்தில், ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) ஜாடிகள் அடுக்கிய விலங்கியல் அறையில் இன்னும் சீலிங் ஃபேன் மட்டுமே சுற்றுகிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று ஃபார்மால்டிஹைடை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் சேர்த்திருப்பதை எழுதி அனுப்பிய கடிதத்துக்கு, செலவு மதிப்பீடு கேட்டு ஒரு பதில் வந்திருக்கிறது.